கட்சி இல்லாதவரெல்லாம் சுயேச்சையா?

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். எத்தனை முறை முறையிட்டும் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல அவர்கள் கண்ட வழி அது. வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஒரு தாளில் அடங்காத வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாயிற்று. வாக்குகளை எண்ணியபோது பல வேட்பாளர்களுக்கு நேராக வெறும் பூஜ்ஜியம்தான் இருந்தது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் களத்தில் இருந்தார்கள். அந்தப் பகுதியின் குடிநீரில் அன்று ஃபுளோரைடு கலந்திருந்தது. அதைக் குடித்துக் குடித்து மக்களின் எலும்புகள் வளைகின்றன என்பதைத் தில்லிக்குத் தெரிவிக்கவே அவர்கள் மனு கொடுத்தார்கள்.

இரண்டு ஊர்களிலும் அந்த மனுக்களில் கட்சியைக் குறிக்கும் இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது: சுயேச்சை.

அந்த விவசாயிகளுக்கு நாடாளுமன்றம் தந்த பதில் விரைவாகவே வந்தது. அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. மக்களவைக்கான டெபாசிட் தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், சட்டமன்றத்துக்கு 250-லிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கோ பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். வாக்குப்பதிவுக்கு முன் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்படும். சுயேச்சை இறந்தால் தேர்தல் நிற்காது. பிறகு டெபாசிட் இன்னும் உயர்ந்து, இன்று மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. 1996 மக்களவைத் தேர்தலில் 10,635 சுயேச்சைகள் நின்றார்கள், ஒன்பது பேர் வென்றார்கள். 1998 தேர்தலில் நின்றவர்கள் 1,915 பேர்தான். கூட்டம் குறைந்ததால் தேர்தல் ஆணையத்தின் வேலை எளிதானது. ஃபுளோரைடு கலந்த தண்ணீர் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்கூட இல்லை.

சட்ட ஆணையம் இதற்கும் ஒரு படி மேலே போனது. 2015-இல் தந்த தனது 255-ஆவது அறிக்கையில், சுயேச்சைகள் போட்டியிடுவதையே தடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 1999-இல் வந்த 170-ஆவது அறிக்கையின் கருத்தும் அதுதான். பெரும்பாலான சுயேச்சைகள் வெல்வதில்லை, பலர் பிறர் ஏவலில் நிற்கிறார்கள், வாக்காளர்கள் குழம்புகிறார்கள் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அவர்களும் தாளில் சுயேச்சைகள்தான். வாக்குச்சாவடியில் கூடுதல் முகவர்களை உட்காரவைப்பதற்காக ஒரு கட்சி பின்னாலிருந்து நிறுத்தும் ‘டம்மி’ வேட்பாளரும் சுயேச்சைதான். இன்னொரு பக்கம், ஜார்க்கண்டில் சுயேச்சை உறுப்பினரான மது கோடா 2006-இல் முதலமைச்சராகி இரண்டாண்டுக்கு அருகில் ஆட்சி நடத்தினார். பெரிய கட்சிகள் ஒன்றுக்கொன்று எட்டாத எண்ணிக்கையில் நிற்கும்போது ஒற்றை உறுப்பினரின் விலை எவ்வளவு ஏறும் என்பதற்கு அது சாட்சி.

ஆனாலும் தடை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டு அரசியலின் கதையில் பாதி சுயேச்சைகளிடம்தான் தொடங்குகிறது. 1952-இல் பழைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 62 சுயேச்சைகள் வந்தார்கள். அவையின் 375 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்ததும் அதே அளவு. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லாத அந்த அவையில் ராஜாஜி ஆட்சி அமைத்தது கட்சிக்கு வெளியே இருந்தவர்களின் துணையோடுதான். 1957-இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது அதற்கு அங்கீகாரமும் இல்லை, பொதுச் சின்னமும் இல்லை. காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி என்று வென்ற 15 பேரும் சட்டத்தின் கண்ணில் சுயேச்சைகள். அடுத்த பத்தாண்டில் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. இன்றைய பரிந்துரை அன்று சட்டமாக இருந்திருந்தால் அந்தப் பதினைந்து பேரின் பாதை எவ்வளவு கடினமாகியிருக்கும் என்று கட்சிக்காரர்களே யோசிக்கட்டும். குடியரசுத் தலைவர் பதவிக்கும் ஒரு முறை சுயேச்சை வென்றிருக்கிறார். 1969-இல் வி.வி. கிரி, காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்தார். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று அன்று இந்திரா காந்தி விடுத்த வேண்டுகோள் இன்றும் பேசப்படுகிறது.

சுயேச்சை என்ற சொல்லைப் பிரித்தால் சுய இச்சை. அதாவது தன் விருப்பம். யாரும் ஏவாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் தானே முடிவெடுத்து வந்தவர். நல்ல சொல். அதை நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்று வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியைப் பார்த்தால் தெரியும். கட்சிகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்து, கடைசிக் கட்டத்தில் ‘மற்றவர்கள்’ என்று வரும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களின் பெயரை யாரும் படிப்பதில்லை.

ஆங்கிலத்தில் ‘இண்டிபெண்டன்ட்’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடும் இந்தக் கருத்துக்குத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. நாடு என்றால் சுதந்திரம். வேட்பாளர் என்றால் சுயேச்சை. இணையமைச்சர் என்றால் தனிப்பொறுப்பு. நிறுவனத்தின் இயக்குநர் என்றால் சார்பற்றவர். படித்து வேலைக்குப் போன பிள்ளை என்றால் சொந்தக் காலில் நிற்கிறான், நிற்கிறாள். சொல் வளம் குறைந்த மொழி என்று இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்விக்கு விடை தருகிறது. சுயேச்சை என்பது விருப்பம் யாருடையது என்று கேட்கிறது. சார்பற்றவர் என்பது யார் பக்கம் சாய்கிறார் என்று கேட்கிறது. சொந்தக் கால் என்பது யார் தோளில் நிற்கிறார் என்று கேட்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போதுதான் ஏமாற்று நுழைகிறது.

சுதந்திரம் என்ற சொல்லின் பழைய பொருள் இன்று பலருக்கு நினைவில்லை. பழைய அகராதிகளில் அதற்கு உரிமை, பரம்பரைச் சொத்து, விளைச்சலில் வழக்கமாகக் கிடைக்கும் பங்கு என்ற பொருள்களும் உண்டு. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மிராசுதாரருக்கு இவ்வளவு, கணக்கருக்கு இவ்வளவு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியாருக்கு இவ்வளவு என்று மரக்கால் கணக்கில் பிரித்துக் கொடுத்த பங்கின் பெயர் சுதந்திரம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் அதிகாரிகள் தங்கள் கணக்குகளில் இந்தத் தமிழ் வழக்கை அப்படியே எடுத்து எழுதினார்கள். தமிழ் விவிலியத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘சுதந்தரவாளி’ என்ற சொல் தெரிந்திருக்கும். அங்கே அதற்கு வாரிசு என்று பொருள்.

எனக்கு இந்தப் பழைய பொருள் மிகவும் முக்கியமாகப் படுகிறது. நெல்லில் பங்கு என்பதும் நாட்டின் விடுதலை என்பதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? தனக்கென்று ஒரு பங்கு, யாரும் பிடுங்க முடியாத ஒரு பிடி நெல் இருப்பவனே தன் விருப்பப்படி நடக்க முடியும் என்பதை அன்றைய வழக்கு அறிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பெண்கள் அஞ்சறைப் பெட்டியிலும் முந்தானை முடிச்சிலும் சேர்த்துவைத்த சிறுவாடும் இந்த வகைதான். கணவனிடம் கேட்காமல் பிள்ளைக்கு மருந்து வாங்கிவர அந்தக் காசு உதவியது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரத் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்ததை, இந்த ஒரு காரணத்துக்காகவே சரி என்பேன்.

ஆனால் அந்தக் களத்துமேட்டுப் பங்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மிராசுதாரருக்கு அது கேட்டு வாங்கும் உரிமை. வெட்டியாருக்கு அது ஊருக்குக் கட்டுப்பட்டு உழைத்ததற்கான கூலி. ஊர் சொன்னபடி நடக்காவிட்டால் நிறுத்திவிடக்கூடிய கூலி. ஒரே களம், ஒரே நெல், ஒரே பெயர். ஒருவருக்கு அது காலுக்குக் கீழே நிலமாக இருந்தது. இன்னொருவருக்குக் காலில் கயிறாக இருந்தது. ஆக, பங்கு இருந்தால் மட்டும் போதாது. அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு இன்று தன்னைச் சார்பற்றது என்று அழைத்துக்கொள்ளும் எந்த அமைப்பையும் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் இதற்குச் ‘சுயாதீனம்’ என்பது வழக்கு. அங்கே பெயரிலேயே சுயாதீனத்தை வைத்திருக்கும் தொலைக்காட்சி நிறுவனம் 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கியது; இரண்டு மாதங்களுக்குள் அரசுடைமையானது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. தமிழ் ஒளிபரப்பான வசந்தம் தொலைக்காட்சியும் அந்த நிறுவனத்தினுடையதுதான். ‘சுயாதீன ஆணைக்குழுக்கள்’ பட்ட பாடு இன்னும் பெரிது. 2001-இல் அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் அவற்றுக்கு வழி செய்தது. 2010-இல் 18-ஆவது திருத்தம் நியமன அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் கொடுத்தது. 2015-இல் 19-ஆவது திருத்தம் மீட்டது. 2020-இல் 20-ஆவது பறித்தது. 2022-இல் 21-ஆவது மறுபடி மீட்டது. ஐந்து முறையும் சண்டை ஒரே இடத்தில்தான் நடந்தது: உறுப்பினர்களை நியமிப்பது யார்?

இந்தியாவிலும் அதுவே கேள்வி. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றப்படும்வரை தேர்தல் ஆணையர்களைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் கொண்ட குழுவின் பரிந்துரைப்படி நியமிக்க வேண்டும் என்றது. டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் தலைமை நீதிபதியின் இடத்துக்குப் பிரதமர் பெயர் சொல்லும் ஒன்றிய அமைச்சர் வந்தார். மூவரில் இருவர் அரசுத் தரப்பு. போட்டியாளர்களில் ஒருவரே நடுவரைத் தேர்ந்தெடுப்பதை எந்த ஊர்க் கபடிப் போட்டியிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நிறுவனங்களுக்குள்ளும் இதே கதைதான். 2008 டிசம்பரில் சத்யம் நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு அதன் நிறுவனர் குடும்பத்தின் கம்பெனிகளை வாங்கும் திட்டத்துக்கு இயக்குநர் குழு சம்மதம் தந்தது. அந்தக் குழுவில் பெயர்பெற்ற பேராசிரியர்கள் சார்பற்ற இயக்குநர்களாக இருந்தார்கள். அடுத்த மாதமே மோசடி வெளியே வந்தது. பட்டியலிட்ட நிறுவனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சார்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அவர்களைத் தேர்வு செய்யும் பங்குதாரர் கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கு யாரிடம் இருக்கிறது? பல இந்தியக் கம்பெனிகளில் நிறுவனர் குடும்பத்திடம்தான்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது நம் ஊராட்சி. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உண்டு. ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டியிடலாம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் மட்டும் கட்சி சார்பற்றவை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று மாநிலத் தேர்தல் ஆணையம் ஒதுக்கும் பொதுச் சின்னங்களில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். சட்டப்படி பார்த்தால், நம் கிராமங்களில் ஊராட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொருவரும் சுயேச்சை. இவ்வளவு பெரிய சுயேச்சைக் கூட்டத்தை வைத்துக்கொண்டுதான் சுயேச்சைகளால் ஜனநாயகம் குழம்புகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சுயேச்சைகளின் சுய இச்சை எவ்வளவு என்பதற்கு மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தையும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையும் பார்க்க வேண்டும். 1996-இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இருக்க முடியவில்லை. சில முறை மனு கொடுக்கவே ஆள் வரவில்லை. சில முறை ஊரில் ஆதிக்கம் செலுத்தியவர்களே ஒருவரைக் கூட்டிவந்து மனு போடவைத்தார்கள். அவர் வென்றார், பதவி ஏற்றார், உடனே ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திட்டார். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. எந்தக் கட்சித் தலைமையும் அவருக்கு உத்தரவிடவில்லை. ஆனால் அவர் குடியிருந்த இடம், வேலைக்குப் போன வயல், தண்ணீர் எடுத்த இடம் எல்லாம் வேறொருவர் தயவில் இருந்தன. 2006-இல் மாவட்ட நிர்வாகம் பொறுமையாகப் பேசி, காவலும் கொடுத்து நடத்திய தேர்தலுக்குப் பிறகுதான் அந்த ஊர்களின் தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தேசியக் கொடியை ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். சுதந்திர நாளன்று, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவருக்கு அது நடந்தது. செய்தி வெளியான பிறகு ஆட்சியர் நேரில் போய், சில நாள்கள் கழித்து அவரைக் கொண்டு கொடி ஏற்றவைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. 2022-இல் சுதந்திர நாளுக்கு முன்பாக, சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறையும் வேளையில் எழுதப்பட்ட கடிதம் அது.

ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்குப் போன ஊர்களில், துணைத் தலைவர் நாற்காலியை யார் பிடிக்கிறார்கள் என்று கிராமத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு மாற்றவும் முடியாது. கூடவே, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தருகிறது. தவறு செய்யும் தலைவரைத் தண்டிக்க அந்தப் பிரிவு தேவைதான் என்று சொல்வார்கள். சட்டமன்ற உறுப்பினரை நீக்க எந்த அதிகாரிக்கும் இப்படி ஓர் அதிகாரம் கிடையாது.

சுயேச்சைகளைத் தடைசெய்யச் சொல்லும் பரிந்துரையை ஒன்றிய அரசு வெளிப்படையாக நிராகரிக்க வேண்டும். 25,000 ரூபாய் டெபாசிட்டை, ஒரு விவசாயக் கூலியின் சில நாள் ஊதியத்துக்குள் அடங்கும் தொகையாகக் குறைக்க வேண்டும். டம்மி வேட்பாளர்களைத் தடுக்க வேண்டுமானால், அவர்களை நிறுத்தும் கட்சியைத் தண்டியுங்கள். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் கூட்டுக் கையெழுத்து முறைக்கு மாநில அரசு முடிவு கட்ட வேண்டும். தலைவரை நீக்கும் அதிகாரத்தை மாவட்ட நிர்வாகத்திடமிருந்து எடுத்து, நீதிமன்ற விசாரணைக்கு உட்பட்டதாக மாற்ற வேண்டும். இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் இல்லை.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியில், மிரட்டல்களையும் தடைகளையும் தாண்டி 1996 இறுதியில் நடந்த தேர்தலில் முருகேசன் என்ற தலித் ஒருவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல்லா ஊராட்சித் தலைவர்களையும் போல அவரும் பொதுச் சின்னத்தில் நின்று வென்றவர். அவரால் தன் அலுவலகத்துக்குள் போக முடியவில்லை. பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், அவரும் உடனிருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக மேலவளவில் எழுப்பப்பட்ட நினைவிடத்தின் பெயர் விடுதலைக் களம்.